ஜாகா பெரியப்பாவைச் சாகடித்த கடிதம்

பதினொரு வயதில் நான் ஒரு மனிதரைச் சாகடித்தேன். நீல மை, கோடு போட்ட தாள், மொத்தம் ஆறு வரி. அவர் செத்துப்போன செய்தியை டீச்சர் படித்துக்கொண்டிருந்தபோது அவரே வெளியில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொல்வது எனக்கு வராது. கால் ஆடும், கூடவே பேனாவும் ஆடும். ஆனாலும் இதை வரிசையாகத்தான் சொல்லவேண்டும். இதில்தான் என் வாழ்க்கை ஒரு முறை இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்பியது.

லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம், ரப்பரும் செம்பனையும் பாதிப்பாதியாக நின்ற தோட்டம். நான்கு அறைத் தமிழ்ப்பள்ளி. மழை பெய்தால் தகரக் கூரையில் வாய்ப்பாடு கேட்காது, அதனால் எங்களுக்கு மழையைப் பிடிக்கும். அம்மாக்களும் பாதி அப்பாக்களும் விடிவதற்கு முன்பே ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே எழுந்து, மூடி வைத்ததைத் தின்று, பள்ளிக்கூடம் போக வேண்டும். போக வேண்டும் என்றுதான் சட்டம். மட்டம் போட்டால் மறுநாள் பெற்றோர் கடிதம் கொண்டுவர வேண்டும் என்பதும் சட்டம். பெற்றோரில் பலருக்கு எழுத்து வராது. வருபவர்களுக்கும் பால் பிசுக்கு ஒட்டிய கையால் பேனா பிடிக்கப் பொறுமை இல்லை. எனக்கு எழுத்தும் வந்தது, பொறுமையும் இருந்தது.

என் முதல் வாடிக்கையாளர், பெண்பிள்ளைகள் வரிசையில் என் பக்கத்து இருக்கைக்காரி. ரெட்டைச் சடை, முன்பல்லில் ஒன்று பாதி. போர்ட்டிக்சனில் கடல் பார்த்துவிட்டு, தோள் கறுத்து வந்திருந்தாள். காய்ச்சல் என்று எழுதினால் போதும் என்றாள். எனக்குப் போதவில்லை. 'நேற்று மாலை முதல் என் மகளின் உடம்பு அடுப்புக்கல்லாய்க் கொதித்தது, நெற்றியில் போட்ட ஈரத்துணி நாலாம் முறை திருப்புவதற்குள் காய்ந்துவிட்டது' என்று எழுதினேன். கூலியாக ஆசாம்போய் கொடுத்தாள். உப்பும் புளிப்புமாக, உமிழ்நீரை வரவழைத்துக்கொண்டே நாள் முழுதும் கன்னத்தில் கிடக்குமே, அந்தக் காய்ந்த பழம்.

செய்தி வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பரவியது. ஒரு வருடத்துக்குள் தோட்டத்தில் பாதி அப்பாக்களின் கையெழுத்து என்னுடையது. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்தேன். கோயில் கமிட்டி அப்பாவின் கடிதம் 'முருகன் துணை' என்று தொடங்கி 'எல்லாம் அவன் செயல்' என்று முடியும், வயிற்றுப்போக்கும் அவன் செயலாகிவிடும். வேலை மேய்க்கும் மண்டோர் வீட்டுக் கடிதம் உத்தரவு மாதிரி இருக்கும்: 'வரவில்லை. இனி வருவான்.' வயிற்றுப்போக்குக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசாம்போய் கேட்பேன், அதை மரியாதையாக எழுதுவது அவ்வளவு கஷ்டம். ஒரு மழை வாரத்தில் மூன்று பேருக்குச் சேர்த்து முதலை எழுதினேன். லிங்கி ஆற்றில் முதலை உண்டு என்பது ஊருக்கே தெரியும். அது கரையேறிப் பள்ளிக்கூடப் பாதையில் குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்தது என்பது மட்டும்தான் என் சேர்க்கை.

அப்போதிருந்த வாத்தியார் கடிதங்களைப் படிப்பவர் இல்லை, கம்பியில் குத்துபவர். முதலையும் குத்தப்பட்டது.

அவர் மாற்றலாகிப் போனார், புது டீச்சர் வந்தார். டவுனை ஒட்டிய ரஹாங்கிலிருந்து தினமும் ஒரு சின்னச் சிவப்புக் காரில் வருவார், போகும்போது அது செம்மண் புழுதியில் இன்னும் சிவந்திருக்கும். சிலோன்காரங்க என்று லயத்தில் பேச்சு. எங்கள் பாட்டன்மார் கூலிக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்ற காலத்தில் இவருடைய பாட்டன்மார் கணக்கெழுதும் கிராணிகளாக நின்று பேர் எழுதியவர்கள். அப்பா அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு எச்சில் துப்பினார்.

இந்த டீச்சர் படிப்பவர். எதையும் படிப்பார். நாசிலெமாக் சோறு மடித்து வந்த செய்தித்தாளைக் கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பார். இதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்கவில்லை. ரெட்டைச் சடைக்காரி அந்த வாரம் தொடர்ந்து இரண்டு நாள் மட்டம். பக்கத்து வீட்டில் வீடியோ வாடகைக்கு எடுத்துப் படமாக ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளுக்குக் காய்ச்சல் தாங்காது, ஒரு சாவு வேண்டும் என்று முடிவு செய்தோம். யாரைச் சாகடிக்கலாம் என்றேன். பெரியப்பா என்று போடு, எல்லார் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருக்கும் என்றாள். நானும் அவள் அப்பாவின் குரலில் எழுதினேன்: 'என் உடன்பிறந்த அண்ணன் காலமாகிவிட்டபடியால்.' படித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கண்ணீர் வரட்டும் என்று ஒரு சொல் சேர்த்தேன். 'என் உடன்பிறந்த ஒரே அண்ணன்.'

அந்த 'ஒரே'தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் பள்ளிக்கூடத்து ஜாகா ஒரு வயதான மனிதர். வாசல் காவல், மணி, கூட்டுவது, டீச்சர்களுக்குத் தேத்தண்ணி, எல்லாம் அவர். பள்ளிக்கூடமே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். எல்லாருக்கும் பெரியப்பாவாக இருந்ததால், அவர் உண்மையிலேயே ஒருத்திக்குப் பெரியப்பா என்பது எங்கள் இருவருக்கும் மறந்தே போயிருந்தது. அவளுக்கே மறந்திருந்தது என்றால் பாருங்கள். அவள் மனதில் இருந்தது காஜாங் பக்கம் யாரோ ஒரு தூரத்துப் பெரியப்பா.

டீச்சருக்கு மறக்கவில்லை. கடிதத்தைப் படித்தார். ஓய்வு மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தார், இறந்தவர் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். அப்புறம் ரெட்டைச் சடையைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு எத்தனை அண்ணன்மார் என்று கேட்டார். ஒரே ஒரு பெரியப்பாதான் டீச்சர் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். சொன்ன வாய் மூடவில்லை. அந்தப் பாதிப் பல் எனக்கு இப்போதும் தெரிகிறது.

டீச்சர் ஜாகாவை உள்ளே அழைத்தார். உடம்பெல்லாம் எப்படி என்று விசாரித்தார். நல்லாதான் இருக்கேன் டீச்சர், முட்டிதான் கொஞ்சம் என்றார் அவர்.

"கவனமா இருங்கோ," என்றார் டீச்சர். அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் ரெட்டைச் சடை என்னிடம் ஒரு உறையை நீட்டினாள். அவள் அப்பாவுக்கு டீச்சர் எழுதிய பதில். வீட்டுக்குக் கொண்டுபோனால் தோல் உரியும், நீதானே எழுதினாய், நீயே படி என்றாள். இரண்டு பக்கம். இரங்கல் கடிதம். இப்படி ஒரு இரங்கலை நான் அதற்குப் பிறகும் படித்ததில்லை. 'தங்கள் தமையனார் இறந்த பிறகும் கடமை தவறாது நேற்றுக் காலை குறித்த நேரத்தில் மணி அடித்தார் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.' அதற்குக் கீழே: 'தாங்கள் மிகுந்த துயரத்தில் இருப்பதாக எழுதியுள்ளீர்கள். துயரம் எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டில் யார் சமைத்தார்கள்? அவர் செருப்பு எங்கே கிடந்தது? தயைகூர்ந்து விரிவாக எழுதவும்.'

இரண்டு நாள் தூக்கம் கெட்டது. பயத்தால் என்று சொல்லலாம். உண்மையில் அந்தச் செருப்பால்தான். எங்கே கிடந்திருக்கும்? எழுதினேன். ஒன்று வாசலில், மற்றது நாய் இழுத்துப்போய் வாழைமரத்தடியில். ரெட்டைச் சடை கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதில் வந்தது. 'நாய்க்கு என்ன நிறம்?'

இப்படித்தான் தொடங்கியது. நானும் டீச்சரும் வகுப்பில் எதுவும் பேசிக்கொள்வதில்லை. என் கணக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி நிற்க வைப்பார். ஆனால் வாரம் ஒரு உறை, எழுத்து வராத ஒரு பால்வெட்டுக்காரருக்கு மரியாதையாக எழுதப்பட்டு, என் பைக்குள் வந்து சேரும். தங்கள் துக்கத்தை ஆற்ற ஒரு நூல் அனுப்புகிறேன், படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதவும் என்று கதைப்புத்தகம் வரும். அந்த அப்பா தனக்குத் தெரியாமலே நிறையப் படித்தார். அவருக்குக் கடல்கதைகள் பிடித்தன, நீதிக்கதைகள் பிடிக்கவில்லை, அதை வெளிப்படையாகவே எழுதினார். கடிதம் சுமப்பதற்கு ரெட்டைச் சடை என்னிடம் ஆசாம்போய் கேட்க ஆரம்பித்தாள். தொழில் தலைகீழாகிவிட்டது.

இறந்தவரின் இளமைக்காலம் பற்றி எழுதவும் என்று ஒரு கடிதம் கேட்டது. எனக்கு என்ன தெரியும்? இறந்தவரிடமே போய்க் கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் லாலான் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வாலிபத்தில் தோட்டத்துத் திருவிழா நாடகங்களில் ராஜாவின் பிணமாக நடித்தவர் என்று தெரிந்தது. மற்ற வேஷம் எதுவும் கொடுக்கவில்லையாம், ஆடாமல் அசையாமல் கிடக்க அவரால்தான் முடிந்ததாம்.

"செத்துக் கெடக்கறது லேசுன்னு நெனைக்காத. மூக்குல கொசு உக்காரும்," என்றார். பிறகு அரிவாளை நிறுத்தி, எதற்கு இதெல்லாம் கேட்கிறாய் என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை. கடிதத்துக்குத்தான் பொய் வரும், முகத்துக்கு வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அரிவாளில் ஒட்டிய புல்லை வழித்துப் போட்டார். "எப்பிடிச் செத்தேன்?"

"நெஞ்சுவலி பெரிப்பா."

"படுத்தா, நின்னுகிட்டா?"

"நின்னுகிட்டு."

"பரவால்ல," என்றார். "மரியாதையாதான் சாவடிச்சிருக்க." மறுபடி புல் வெட்டப் போய்விட்டார். மூக்கில் உட்கார்ந்த கொசுவை அந்த வாரக் கடிதத்தில் எழுதினேன். பதிலில் ஒரே வரி: 'கொசுவுக்கு நன்றி.'

ஆறாம் ஆண்டு முடியப்போகும் மாதத்தில்தான் விளையாட்டு நின்றது. தோட்டப்பள்ளி ஆறோடு முடிந்துவிடும். அதற்குமேல் டவுனில் இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்கள் முதலில் ஒரு வருடம் மலாய் பழகப் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகளில் பலர் போகவில்லை. ஜங்ஷன் வரை செம்பனைக்குள் நடை, அங்கிருந்து பஸ், பஸ் வராவிட்டால் திரும்ப நடை. அப்பா ஒரு சனிக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், சிரம்பானில் சித்தி வீட்டுக்கு என்னை அனுப்பப்போவதாக. சித்தி கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப வேண்டுமாம். நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம்? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அம்மா ரசத்தை ஊற்றினாள். அப்பா முடிவு சொன்னால் அம்மா ரசம்தான் ஊற்றுவாள்.

நான் அந்த வாரக் கடிதத்தை எழுதவில்லை. டீச்சர் ரெட்டைச் சடையிடம் காரணம் கேட்டிருக்கிறார். கடிதம் சுமப்பவள் சேதியையும் சுமப்பாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது டீச்சர் முதல்முறையாக என் கையிலேயே நேராக ஒரு உறையைக் கொடுத்தார். மேலே என் அப்பாவின் பேர். என் சொந்த அப்பா. "வாசிச்சுக் காட்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது எண்டு கேள்விப்பட்டன்," என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். லாரி நம்பர் அத்தனையும் மனப்பாடம், சாலைப் பலகைகளை உருவத்தால் அடையாளம் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. இரண்டாம் ஆண்டோடு பால் வாளி தூக்கப் போனவர். அன்று சாயங்காலம் லாரியின் படியில் உட்கார்ந்து நகத்திலிருந்து கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டீச்சர் கடிதம் என்றேன். படி என்றார்.

உறையைக் கிழித்தேன். மேலே: 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.' அடியில்: 'இப்படிக்கு', கையெழுத்து. நடுவில் முழுப் பக்கமும் வெள்ளை. இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கு நட்டநடுவில் பென்சிலால், எறும்பு அளவில், ஒரே ஒரு சொல்.

'வழக்கம்போல.'

காது சூடாகிவிட்டது. ஆக, எல்லாம் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் பார்ப்பது வேறு. அப்பா என்னாச்சு என்றார். தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, என் கண்ணை மறைத்துக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தேன்.

தங்கள் மகள் படிப்பில் கெட்டிக்காரி, கணக்கைத் தவிர. அவளை மேலே படிக்கவைப்பது தங்கள் கடமை. இப்படி நாலு வரி போயிருக்கும். என் சொந்த எதிர்காலம் என்றதும் என் நடை செத்துப்போனது. பிறத்தியார் வயிற்றுப்போக்குக்கு வந்த சொற்கள் எனக்கு வரவில்லை.

அப்பா கிரீஸைச் சுரண்டியபடி, "எல்லா வாத்தியும் இதத்தான் சொல்வாங்க. பஸ்ஸுக்கு என்னா சொல்றாங்க அந்தம்மா?" என்றார்.

"பஸ் பற்றித் தாங்கள் கவலைப்படக்கூடும்," என்று வாசித்தேன். "அந்தக் கவலை வேண்டாம். ரஹாங்கில் எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. பள்ளி நாட்களில் தங்கள் மகள் அங்கே தங்கலாம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவாள்."

எங்கிருந்து வந்தது அந்த அறை? அந்த வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது.

அப்பாவின் கை நின்றது. "சித்தி புள்ளைய யாரு பாக்கறது?"

"தங்கள் கொழுந்தியாளின் குழந்தையைப் பொறுத்தவரை," என்று கடிதம் தொடர்ந்தது, "அது எப்படியும் வளர்ந்துவிடும்."

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் கடிதத்தை அப்பா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். மறுபடி முதலிலிருந்து படி என்றார். படித்தேன். இந்த முறை நடை வந்துவிட்டது. அறையில் ஒரு மேசை வைத்தேன். கிழக்குப் பக்கம் ஜன்னல் வைத்தேன், காலை வெயில் மேசையில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா மரம் நடப்போனேன்.

"இரு," என்றார் அப்பா. "மொத தடவ ஜன்னல் இல்லியே."

நான் தாளை இறக்கவில்லை.

"வெயிலு ஓம் பின்னாலதான் இருக்கு. தாளு அந்தண்ட தெரியுது. மேல ரெண்டு வரி, கீழ ஒரு கிறுக்கல். நடுவுல ஒரு எறும்பு. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, பாக்கத் தெரியும்."

செம்பனைக்குள் காக்கை கத்தியது. அம்மா சமையலறையில் எதையோ நிறுத்தினாள், தட்டும் சத்தம் நின்றதால் எனக்குத் தெரிந்தது. அப்பா கேட்டார், நீ இப்படி வாசிப்பாய் என்று அந்தம்மாவுக்குத் தெரியுமா என்று. தெரியும்ப்பா என்றேன். அறை கொடுப்பதாகச் சொன்னார்களா என்றார். இல்லை என்றேன். அவர் லாரிச் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கோபமா என்று பார்த்தேன். உதட்டின் ஓரத்தில் வேறு என்னவோ இருந்தது.

"ஒண்ணும் எழுதாத தாளையே ரெண்டு தடவ வாசிச்சிட்ட. எழுதிக் குடுத்தா எவ்ளோ நேரம் வாசிப்ப," என்றார். "பேனா எடு. பதில் சொல்றேன்."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல. எங்கள் தோட்டத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்து கடிதம் சொன்ன முதல் அப்பா அவர்தான். ரூம் தருவதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம் என்றார். அதோடு விடவில்லை. அடுத்ததைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கப்பா கிராணி ஊட்டுல பின்வாசல்ல நின்னவரு. எங்கம்மா அவங்க பாத்திரம் கழுவுனவங்க. எம்மவ ஒங்க ஊட்டுல அவ தின்ன தட்ட மட்டுந்தான் கழுவுவா. வேற ஒரு தட்டு கழுவக்கூடாது. அதுக்கு சம்மதம்னா அனுப்பறேன்."

பேனா நின்றது. இதை நயமாக மாற்றிவிடலாம் என்று கை துடித்தது. 'தங்கள் இல்லத்தில் என் மகள் ஒரு மகளாகவே நடத்தப்படுவாள் என நம்புகிறேன்' என்று எழுதினால் என்ன அழகாக இருக்கும். அவருக்குத் தெரியவா போகிறது? அவரைப் பார்த்தேன். கிரீஸ் போகாத கையை முட்டியில் வைத்துக்கொண்டு, நான் எழுதி முடிப்பதற்காகக் காத்திருந்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். கிராணி ஊட்டுல என்பது உட்பட. கடிதம் எழுதும் என் தொழிலில் ஒரு சொல்லும் சேர்க்காமல் எழுதிய ஒரே கடிதம் அது. அடியில் அப்பா பேர் எழுதத் தெரியாமல் ஒரு கோடு இழுத்தார், லாரி திரும்புகிற மாதிரி ஒரு கோடு.

சனியும் ஞாயிறும் கழியவே இல்லை. இல்லாத அறையில் கிழக்கு ஜன்னல் வைத்தவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? டீச்சர் சிரித்துவிட்டால்? அப்பா சொன்னதைப் படித்துவிட்டு முகம் மாறினால்? சித்தி வீட்டுக்குத் துணி மூட்டை கட்டு என்று அம்மா சொல்லவில்லை, கட்டாதே என்றும் சொல்லவில்லை. கொடியிலிருந்து என் பாவாடைகளை எடுத்து மடித்து, எந்தப் பைக்குள்ளும் வைக்காமல் கட்டிலிலேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். முதல் வரியில் புருவம் ஏறியது. ரூம் என்ற இடமாக இருக்கும். பிறகு கீழே வந்தார். அந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அதே இடத்தைப் படித்தார். வெளியில் ஜாகா பெரியப்பா கையில் சுத்தியலோடு மணிக்குக் கீழே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கும் நேரம் தாண்டிவிட்டது, அவர் அடிக்கவில்லை.

"அறை தாறன் எண்டு எழுதினனானோ?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"வேறை என்ன எழுதினனான்?"

"மேச. அப்புறம் ஜன்னல்."

"யன்னல் எந்தப் பக்கம்?"

"கிழக்கால டீச்சர்."

அவர் கடிதத்தை நாலாக மடித்தார். "மேற்கு எண்டு மாத்திச் சொல்லு. கிழக்கில பக்கத்து வீட்டுச் சுவர்."

நான் அழுதேன் என்று ரெட்டைச் சடை இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இல்லை. ஜாகா மணியடித்தார், அவ்வளவு பலமாக அவர் அதுவரை அடித்ததில்லை, காது வலித்துக் கண்ணில் நீர் வந்தது. அவ்வளவுதான்.

அறை உண்மையில் சும்மா கிடக்கவில்லை. தையல் மெஷின், மூன்று தகரப் பெட்டி, டீச்சர் கணவரின் மீன் பிடிக்கும் தூண்டில்கள். என் கடிதம் ஒன்றால் அவ்வளவும் கூடத்துக்கு இடம் மாறின. அந்த நல்ல மனிதர் ஆறு வருடம் தையல் மெஷினைச் சுற்றி நடந்துபோய்த்தான் செய்தித்தாள் படித்தார், ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் சுட்டுக்கொண்டே இருக்கும். மலாய்ப் பாடமும், பிறகு எல்லாப் பாடமும் அந்த வெயிலில்தான் படித்தேன். கணக்கு கடைசிவரை வரவில்லை. அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டு முன்வாசலில் லாரியை நிறுத்தி, வேண்டுமென்றே நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். முன்வாசலில்தான். சித்தி இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. அந்தக் குழந்தை கடிதத்தில் சொன்னபடி எப்படியும் வளர்ந்துவிட்டது. இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

படித்து முடித்து எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? சிரம்பானில் ஒரு அலுவலகம். நான் கடிதம் எழுதுகிறேன், அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறேன். மிச்ச நேரத்தில் என் பேரில் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன், அதில் நாய்க்கு என்ன நிறம் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

ஜாகா பெரியப்பா பல வருடம் கழித்து உண்மையிலேயே போனார். டீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வடிவாப் பாத்தாயோ? மூக்கில கொசு விட்டுப் பாத்தாங்களோ?" என்றார். இருவரும் சிரித்தோம், பிறகு வைத்துவிட்டோம்.

போன மாதம் ரஹாங் போயிருந்தேன். டீச்சர் தனியாகத்தான் இருக்கிறார். ஒரு கண்ணில் பார்வை மங்கல், இன்னொரு கண்ணால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் படிக்கிறார். அவருக்கு முட்டி வலி, எழுந்து நடக்க நேரமாகிறது. சாப்பிட்டு முடித்ததும் என் தட்டோடு அவர் தட்டையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இன்னும் குழாயைத் திறக்கக்கூட இல்லை, கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அது என்ர தட்டு. வை அங்கை."

அப்பா போய் எத்தனையோ வருசமாச்சு டீச்சர் என்றேன்.

"கடிதம் இருக்கு," என்றார். அலமாரியைக் காட்டினார் போலிருக்கிறது, நாற்காலி கிறீச்சிட்டது. "சம்மதம் எண்டுதானே உன்னை எடுத்தனான்."

வைத்தேன். என் தட்டை மட்டும் கழுவினேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, தன் தட்டைத் தானே கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட என் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு என் தட்டை எடுத்து மேற்கு வெளிச்சத்தில் சாய்த்து, அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"முப்பது வருசத்துக்கு மேல ஒரே தட்டைக் கழுவுறாய்," என்றார். "இன்னும் எண்ணெய் போகேல்லை."